பீட்டிலுக்கு எந்த எஞ்சின் ஆயில்? கடைக்குப் போகும் முன் செய்யவேண்டியதிலிருந்து முழு வழிகாட்டி

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வாங்கியவர்கள் முதலில் கேட்பது, "எந்த கம்பெனி ஆயில் ஊற்றலாம்?" என்பதுதான். வரிசையில் அது கடைசியாக வரவேண்டிய கேள்வி. அதற்கு முன் எஞ்சினைப் பார்க்க வேண்டும், பிரஷரை அளக்க வேண்டும், கிரேடை முடிவு செய்ய வேண்டும், டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்தவர்கள் பலரும் ஆயிலுக்கு ஒரு முறையும் எஞ்சினுக்கு இன்னொரு முறையும் செலவு செய்திருக்கிறார்கள். அதில் நானும் ஒருவன். கதை கீழே வருகிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: ஆயில் பிரஷர் கேஜ், 10 மி.மீ. ஸ்பேனர், குறைந்த அளவையும் காட்டும் டார்க் ரெஞ்ச், சம்ப் (எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் இடம்) பிளேட்டுக்கான கேஸ்கெட் செட், ஒரு டார்ச் லைட், பழைய பனியன் துணி. ஆயிலை இப்போதே வாங்க வேண்டாம்.

1. உங்கள் வண்டியில் இருப்பது எந்த எஞ்சின்?

இந்த வழிகாட்டி 1200, 1300, 1500, 1600 சிசி டைப் 1 (பீட்டிலுக்கு ஃபோக்ஸ்வாகன் வைத்த பெயர்) எஞ்சின்களுக்கு. நான்கு சிலிண்டர், படுத்த நிலையில் பக்கத்துக்கு இரண்டு. ரேடியேட்டர் கிடையாது, ஆயில் ஃபில்டரும் கிடையாது. சம்ப்பின் அடியில் ஒரு கம்பி ஜாலி மட்டும் இருக்கும். அது பெரிய துகள்களைத்தான் பிடிக்கும்.

ஆயில் கொள்ளளவு 2.5 லிட்டர். கூலன்ட் உள்ள இன்றைய கார்கள் பலவற்றிலேயே மூன்று லிட்டருக்கு மேல் பிடிக்கும். இங்கே அதைவிடக் குறைவான ஆயில் வழவழப்பும் கொடுத்து, சூட்டில் ஒரு பெரும் பங்கையும் சுமந்து வெளியே கொண்டுபோக வேண்டும். அதனால்தான் இந்த வண்டியில் ஆயில் விஷயத்தில் இவ்வளவு பேச்சு.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வருடத்தை நம்பாதீர்கள். ஐம்பது வருட வண்டியில் எஞ்சின் எத்தனை முறை மாறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. டைனமோ ஸ்டாண்டின் அடியில் கிராங்க்கேஸில் குத்தியிருக்கும் எண்ணைப் பாருங்கள். அப்புறம் ஃபேன் ஹவுசிங்கைப் பாருங்கள். பின்சீட்டை நோக்கிய பக்கம் ஒரு பெட்டி போலப் புடைத்திருந்தால் அது 'டாக்ஹவுஸ்' கூலர், 1971 மாடலிலிருந்து வந்தது. அந்தப் புடைப்பு இல்லை என்றால் ஆயில் கூலர் ஃபேன் ஹவுசிங்கின் உள்ளேயே, மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் காற்றை மறித்துக்கொண்டு நிற்கிறது. மூன்றாவது சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாவதற்குப் பழைய காரணம் அது. அப்படிப்பட்ட எஞ்சினில் ஆயில் தேர்வில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும்.

இரண்டு விதிவிலக்குகள். 1993-க்குப் பிறகு மெக்சிகோவில் செய்த ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பீட்டிலில் ஹைட்ராலிக் டேப்பெட்டும் ஆயில் ஃபில்டரும் உண்டு. அதற்கு அதன் கையேடுதான் வேதம். போர்ஷே 911 காற்றால் குளிர்ந்தாலும் ஆயிலைத் தனி டேங்கில் வைத்திருக்கும் வண்டி. இங்கே சொல்லும் அளவுகளை அதற்குப் போடாதீர்கள்.

2. ஆயிலால் தீராத கோளாறுகளை முதலில் ஒதுக்குங்கள்

டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால், அல்லது ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால், பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் கிழிந்தோ கார்புரேட்டர் ஊசி சரியாக அடைக்காமலோ பெட்ரோல் சம்ப்பில் இறங்குகிறது. அதைச் சரிசெய்யாமல் ஊற்றும் எந்த ஆயிலும் ஒரே வாரத்தில் தண்ணீராகிவிடும்.

அடுத்து, எஞ்சினை அணைத்துவிட்டு கிராங்க் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். 'டக்' என்று கையில் தெரிந்தால் மெயின் பேரிங் தேய்ந்துவிட்டது. கிராங்க்கின் இந்த ஆட்டம் 0.07 முதல் 0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், 0.15 தான் எல்லை. கையால் உணரும் அளவு ஆட்டம் இருந்தால் எல்லையைத் தாண்டியாயிற்று என்று அர்த்தம். கெட்டியான ஆயில் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது, எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகள். புதிதாக வாங்கியவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். "ஏன் சார் இத்தனை தகரம்?" என்று ஏதோ ஒரு காலத்தில் ஒரு மெக்கானிக் கழற்றி மூலையில் போட்டிருப்பார். எஞ்சின் அறையைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கும் போயிருக்கும். இவை இல்லையென்றால் கீழே இருந்து வரும் சூடான காற்றையே ஃபேன் திரும்ப உறிஞ்சும். என் நண்பர் ஒருவர் மூன்று விதமான ஆயில் மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ரப்பர் பீடிங்கும் இரண்டு தகடும் போட்டார். சூடு அன்றே குறைந்தது.

இக்னிஷன் டைமிங்கும் ஃபேன் பெல்ட் இறுக்கமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

3. பிரஷரை அளங்கள், அதுவும் சூட்டில்

டேஷ்போர்டில் உள்ள ஆயில் லைட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த ஸ்விட்ச் 2 முதல் 6 பி.எஸ்.ஐ.க்குள் எங்கேயாவது வேலை செய்யும். அதாவது லைட் எரியும்போது பிரஷர் கிட்டத்தட்ட இல்லை. எரியாவிட்டால் 7-ம் இருக்கலாம், 40-ம் இருக்கலாம்.

டிஸ்ட்ரிபியூட்டருக்கு அருகே உள்ள ஸ்விட்ச்சைக் கழற்றி அந்த ஓட்டையில் கேஜை மாட்டுங்கள். 10 மி.மீ. டேப்பர் த்ரெட். கிராங்க்கேஸ் மெக்னீசியம் கலவை என்பதால் கொஞ்சம் அதிகமாக இறுக்கினாலும் வெடித்துவிடும். கை உணர்வில் நில்லுங்கள்.

அரை மணி நேரம் ஓட்டி எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு அளக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் எந்த ஆயிலும் நல்ல பிரஷர் காட்டும், அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. 30 கிரேடு ஆயில், 70 டிகிரி செல்சியஸ், 2500 சுற்று என்ற நிலையில் 42 பி.எஸ்.ஐ. இருந்தால் ஆரோக்கியமான எஞ்சின். 28-க்குக் கீழே போனால் தேய்மானம் எல்லையைத் தொட்டுவிட்டது. பட்டறைகளில் சொல்லும் எளிய கணக்கு: ஆயிரம் சுற்றுக்குப் பத்து பி.எஸ்.ஐ. வந்தால் ஓட்டலாம்.

இப்போது என் கதை. வண்டி வாங்கிய முதல் கோடையில், நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு ஒரு சிக்னலில் நின்றேன். ஆயில் லைட் கண் சிமிட்டியது. சாலையோரப் பட்டறையில் "கெட்டி ஆயில் போடுங்க, நின்னுடும்" என்றார்கள். சிங்கிள் கிரேடு 50 ஊற்றினேன். லைட் நின்றது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்து, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் ஏதோ பேசிவிட்டுத் திரும்பினால், வண்டியின் பின்னால் தரையில் ஆயில் ஓடிக்கொண்டிருந்தது. ஆயில் கூலரின் அடியில் உள்ள சீல் பிதுங்கிவிட்டது.

பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது இரண்டு விஷயம். பிரஷர் அளவு மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வின் பிஸ்டன் பிசினேறி மூடிய நிலையிலேயே சிக்கியிருந்தது. அப்புறம், கேஜ் மாட்டிப் பார்த்தால் சூட்டில் பிரஷர் நன்றாகவே இருந்தது. கெட்டுப்போயிருந்தது லைட்டின் ஸ்விட்ச். மாற்ற வேண்டியிருந்தது ஒரு சின்ன ஸ்விட்ச், நான் மாற்றியது ஆயில். லைட் நின்றதற்கு ஸ்விட்ச்சின் மனநிலை தவிர வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பிஸ்டனைக் கட்டாயம் பாருங்கள். எஞ்சினின் அடியில் இடப்பக்கம், புல்லி இருக்கும் முனையில், பெரிய வெட்டுள்ள ஸ்க்ரூ ஒன்று இருக்கும். 1970 மாடலிலிருந்து வந்த எஞ்சின்களில் ஃபிளைவீல் பக்கமும் இன்னொன்று உண்டு. கழற்றினால் ஸ்பிரிங்கும் பிஸ்டனும் தானாக விழ வேண்டும். விழவில்லை என்றால் 10 மி.மீ. டேப்பை (மரை வெட்டும் கருவி) பிஸ்டனுக்குள் மெதுவாகத் திருகி இழுத்தால் வரும். திறந்த நிலையில் சிக்கினால் சூட்டில் பிரஷர் விழும். மூடிய நிலையில் சிக்கினால் காலையில் கூலர் வெடிக்கும்.

4. கிரேடு: கெட்டியாக இருந்தால் நல்லது என்ற நம்பிக்கையை விடுங்கள்

இந்த வழிகாட்டியில் நிறுத்திப் படிக்க வேண்டிய பகுதி இது.

அதே ரிலீஃப் வால்வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது பிரஷர் ஏறி வால்வு திறக்கும். அப்போது ஆயில் கூலருக்குள் போகாமல் நேராக எஞ்சினுக்குப் போகும். ஆயில் சூடாகி இளகியதும் பிரஷர் இறங்கி வால்வு மூடும், ஆயில் கூலர் வழியாகச் சுற்றத் தொடங்கும். சரி, தேவைக்கு மேல் கெட்டியான ஆயிலை ஊற்றினால் என்ன ஆகும்? சூடான பிறகும் பிரஷர் அதிகமாகவே நிற்கும். ஒரு பகுதி ஆயில் கூலரைத் தொடாமலே சுற்றிக்கொண்டிருக்கும். சூட்டுக்குப் பயந்து கெட்டி ஆயில் போட்டவர் தன் கூலரைத் தானே பாதி அடைத்துவிட்டார்.

கெட்டி ஆயிலைத் தள்ளுவதற்கே பம்ப்புக்குச் சக்தி அதிகம் வேண்டும், அந்தச் சக்தியும் சூடாகத்தான் மாறும். காலையில் முதல் சில வினாடிகள் கேம் ஷாஃப்டுக்கும் ராக்கருக்கும் அது போய்ச் சேரத் தாமதமாகும். எஞ்சின் தேய்வது பெரும்பாலும் அந்த வினாடிகளில்தான்.

டப்பாவில் உள்ள எண்ணைப் படிப்பது எளிது. 20டபிள்யூ-50 என்றால் முன்னால் உள்ள 20 குளிரில் ஆயில் நடந்துகொள்ளும் விதம். பின்னால் உள்ள 50 என்பது 100 டிகிரியில் அதன் பாகுநிலை. 40 கிரேடு என்றால் 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் வரை. 50 கிரேடு என்றால் 16.3 முதல் 21.9 வரை. 30 என்றால் 9.3-லிருந்து 12.5 வரை.

இந்த எஞ்சினை வடிவமைத்தவர்கள் சாதாரணக் கோடைக்கு 30 கிரேடும், வெப்ப நாடுகளுக்கு 40 கிரேடும் போதும் என்று வைத்தார்கள். பம்ப், பேரிங் இடைவெளி, ரிலீஃப் ஸ்பிரிங் எல்லாம் அந்தக் கணக்கில்தான் அமைந்திருக்கின்றன. 50 என்பது மேல் எல்லை. 60 இந்த எஞ்சினுக்கு உரியதே இல்லை.

எனவே நான் சொல்வது இதுதான். நல்ல பிரஷர் உள்ள எஞ்சின், ஊருக்குள்ளும் அவ்வப்போது வெளியூருக்கும் ஓட்டம் என்றால் 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40. அண்மையில் ரீபில்ட் செய்த இறுக்கமான எஞ்சினுக்கும் இதுவே. பிரஷர் 30-ஐ ஒட்டி நிற்கும் வயதான எஞ்சின், அல்லது சித்திரை வெயிலில் திருச்சி, மதுரை என்று நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓட்டம் என்றால் 20டபிள்யூ-50. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வீடு, மார்கழிக் காலையில் வண்டி எடுக்க வேண்டும் என்றால் 20-ல் தொடங்கும் ஆயிலைத் தவிர்த்து 15டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-40.

5டபிள்யூ-50 போல இரண்டு எண்ணுக்கும் இடையே பெரிய இடைவெளி உள்ள ஆயிலில் எனக்கு ஆர்வம் இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவதில் பாலிமர் சேர்க்கைக்குப் பெரிய பங்கு உண்டு. சூட்டிலும் அரைபடுதலிலும் அவை உடைந்தால் 50 என்று வாங்கியது சில ஆயிரம் கிலோமீட்டரில் 40 ஆகிவிடும். இடைவெளி குறைவாக இருந்தால் அந்தக் கவலை குறைவு.

5டபிள்யூ-30 இன்றைய கார்களின் ஆயில். பழைய கையேட்டில் 30 என்று இருக்கிறதே என்று அதை ஊற்றுபவர்கள் உண்டு. அடுத்த பகுதியில் சொல்லும் காரணத்துக்காக அது வேண்டாம்.

5. டப்பாவின் பின்பக்கம்: ஜிங்க்கும் ஏ.பி.ஐ. எழுத்துகளும்

பீட்டிலின் கேம் ஷாஃப்ட், தட்டையான டேப்பெட்டின் மேல் நேராக உரசிச் செல்லும். உருளை எதுவும் நடுவில் இல்லை. உரசும் இடம் மிகச் சிறியது, அழுத்தம் அதிகம். அந்த இடத்தில் ஆயில் படலம் கிழிந்தால் உலோகத்தைக் காப்பாற்றுவது இசட்.டி.டி.பி. என்ற சேர்க்கை. ஜிங்க்கும் பாஸ்பரஸும் சேர்ந்தது. பேச்சில் எல்லோரும் ஜிங்க் என்றே சொல்வார்கள்.

பாஸ்பரஸ் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். அதனால் புதிய பெட்ரோல் ஆயில்களில் அதற்கு வரம்பு வைத்தார்கள். 2004-ல் வந்த ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) எஸ்.எம். தரத்தில் 0.08 சதவீதம், அதாவது 800 பி.பி.எம். என்பது உச்சம். பின்னர் வந்த எஸ்.என்., எஸ்.பி. தரங்களிலும் அப்படியே. நம் வண்டியில் கன்வர்ட்டர் இல்லை, ஆனால் தட்டை டேப்பெட் இருக்கிறது. நமக்கு 1000 முதல் 1200 பி.பி.எம். வரை இருந்தால் நல்லது.

இங்கே ஒரு தவறான பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது: "எஸ்.என். என்று போட்டிருந்தால் தொடாதே" என்று. அந்த வரம்பு 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளுக்குத்தான். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 கிரேடுகளை அது கட்டுப்படுத்தாது. எஸ்.என். போட்ட 20டபிள்யூ-50 ஒன்றில் போதுமான ஜிங்க் இருக்கலாம், இன்னொன்றில் இல்லாமலும் போகலாம். எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் அந்தக் கம்பெனியின் டேட்டா ஷீட்டைத் தேடிப் பாருங்கள். பாஸ்பரஸ் 0.10-க்கு மேல் என்று எழுதியிருந்தால் போதும். டப்பாவில் உள்ள வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்று இருந்தால் அதை வாங்காமல் கடையிலேயே வைத்துவிடுங்கள்.

நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில் மூன்று வழி உண்டு.

ஒன்று, லாரி, டிராக்டர்களுக்கான 15டபிள்யூ-40 டீசல் ஆயில், ஏ.பி.ஐ. சி.ஐ.-4 அல்லது சி.ஐ.-4 பிளஸ். இதில் பாஸ்பரஸ் வரம்பு இல்லை. சி.கே.-4 என்றாலும் 0.12 சதவீதம் வரை இடம் உண்டு. "டீசல் ஆயிலைப் பெட்ரோல் வண்டிக்கா?" என்று கடைக்காரர் ஒரு பார்வை பார்ப்பார். டப்பாவில் சி.ஐ.-4 பக்கத்தில் எஸ்.எல். என்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பெட்ரோலுக்கும் அனுமதி என்று பொருள்.

இரண்டு, மோட்டார் சைக்கிள் ஆயில். ஜாசோ (ஜப்பானியத் தர அமைப்பு) எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 முத்திரை உள்ள ஆயிலில் பாஸ்பரஸ் 0.08-க்குக் குறையாமலும் 0.12-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு கீழ் எல்லைக்கு உத்தரவாதம் தரும் முத்திரை என்பதால் எனக்கு இது பிடிக்கும். 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 இரண்டும் எந்தத் தெருக் கடையிலும் ஒரு லிட்டர் டப்பாவில் கிடைக்கும்.

மூன்று, பழைய வண்டிகளுக்கென்றே விற்கும் ஜிங்க் அதிகமுள்ள ஆயில். வால்வோலின் வி.ஆர்.1 20டபிள்யூ-50 போன்றவை. நல்ல ஆயில்தான். ஒவ்வொரு முறையும் தேடி அலைய வேண்டும் என்றால் அது உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

ஜிங்க் என்று தனியாகச் சின்ன பாட்டிலில் விற்பதை ஏற்கெனவே போதுமான அளவுள்ள ஆயிலில் கலக்காதீர்கள். 1400, 1500 பி.பி.எம். தாண்டினால் அதுவே கேம் உலோகத்தை அரிக்கத் தொடங்கும்.

6. டிடர்ஜென்ட், மினரல், சிந்தெடிக்

"ஃபில்டர் இல்லாத எஞ்சினுக்கு டிடர்ஜென்ட் இல்லாத ஆயில்தான் சரி" என்று பெரியவர்கள் சிலர் இன்றும் சொல்வார்கள். ஃபோக்ஸ்வாகன் கையேடே டிடர்ஜென்ட் உள்ள எச்.டி. (ஹெவி டியூட்டி) ஆயிலைத்தான் கேட்கிறது. அழுக்கு ஆயிலில் மிதந்து, வடிக்கும்போது அதோடு வெளியே போக வேண்டும். இல்லையென்றால் எஞ்சினுக்குள் சேறாகப் படியும்.

ஒரே எச்சரிக்கை: பல வருடம் நின்றுபோன வண்டியை எழுப்பினால், புதிய ஆயில் பழைய சேற்றை எல்லாம் பெயர்த்தெடுக்கும். அதனால் முதல் ஆயிலை 500 கி.மீ.யிலும் அடுத்ததை 1000 கி.மீ.யிலும் மாற்றிவிடுங்கள்.

மினரல் போதும். எப்படியும் 5000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்றத்தான் போகிறோம், ஃபில்டர் இல்லாததால் அதற்கு மேல் நீட்டவும் முடியாது. சிந்தெடிக்கின் நீண்ட ஆயுளுக்குக் கொடுக்கும் காசு அப்படியே வடிந்துபோகும். பழைய புஷ்ராட் ட்யூப் சீல்களில் அது கசிவையும் கண்டுபிடித்துத் தரும். ரீபில்ட் செய்த புது எஞ்சினுக்கு முதல் ஓட்டத்தில் சிந்தெடிக் வேண்டவே வேண்டாம். ஜிங்க் உள்ள மினரல் ஊற்றி, முதல் இருபது நிமிடம் ஐட்லிங்கில் விடாமல் 2000-க்கு மேல் சுற்றில் வைத்து, 500 கி.மீ.யில் வடித்துவிடுங்கள்.

7. வாங்குவது

இப்போதுதான் கம்பெனி. சர்வோ, காஸ்ட்ரால், வால்வோலின், எச்.பி. என்று கிரேடும் தரமும் பொருந்தும் எதுவும் சரி. உங்கள் ஊரில் எப்போதும் கிடைப்பதை எடுங்கள். அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தால் பிரஷரில் தெரியும் மாற்றம் எஞ்சினாலா ஆயிலாலா என்று புரியாமல் போகும்.

ஒரு லிட்டர் டப்பா மூன்று வாங்குங்கள். மீதி அரை லிட்டர் டாப்-அப்புக்கு. பழைய மாடல்களில் ஏர் கிளீனர் ஆயில் பாத்தாக இருக்கும், அதற்கும் இதே ஆயில்தான். குறியிட்ட அளவு வரை ஊற்ற வேண்டும். புதியவர்கள் அங்கே ஆயில் இருப்பதே தெரியாமல் வருடக்கணக்கில் வறட்சியாக ஓட்டுவார்கள். அப்படி ஓர் ஏர் கிளீனர் இருந்தால் நான்காவது டப்பாவும் வாங்குங்கள்.

டப்பாவின் மூடியில் சீல் உடையாமல் இருக்கிறதா, தயாரிப்புத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். போலி ஆயில் நம் ஊரில் புதிதல்ல.

8. மாற்றுவது

எஞ்சினைச் சூடாக்கிவிட்டு வடியுங்கள். சூடான ஆயில் அழுக்கோடு ஓடி வரும்.

கீழே படுத்ததும் முதலில், எது எஞ்சின் சம்ப், எது கியர்பாக்ஸ் என்று உறுதி செய்யுங்கள். சிரிக்க வேண்டாம். கியர்பாக்ஸின் 17 மி.மீ. ஆலன் பிளக்கைக் கழற்றி கியர் ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, எஞ்சினில் இரண்டரை லிட்டர் கூடுதலாக ஊற்றியவரை எனக்குத் தெரியும். எஞ்சின் சம்ப் என்பது ஆறு சின்ன நட் போட்ட வட்டத் தகடு. சிலவற்றில் நடுவில் வடி பிளக் இருக்கும், சிலவற்றில் இருக்காது.

பிளக்கைக் கழற்றி வடித்தால் மட்டும் போதாது, தகடையும் கழற்ற வேண்டும். அதன் மேல் உள்ள ஜாலிதான் இந்த எஞ்சினின் ஒரே வடிகட்டி. மண்ணெண்ணெயில் கழுவும் முன் அதில் சிக்கியிருப்பதை வெயிலில் பிடித்துப் பாருங்கள். கரும்பிசின் சாதாரணம். வெள்ளி போல மின்னும் துகளோ செம்பு நிறச் சீவலோ இருந்தால் பேரிங் பேசுகிறது.

பொருத்தும்போது ஜாலிக்கு மேலே ஒரு கேஸ்கெட், கீழே ஒரு கேஸ்கெட். இரண்டும் புதியவை. ஆயில் உறிஞ்சும் குழாய் ஜாலியின் ஓட்டைக்குள் இடைவெளியின்றி உட்கார வேண்டும். நட்டுகளின் அடியில் புது செப்பு வாஷர். ஆறையும் எதிரெதிராக, சுமார் 7 நியூட்டன் மீட்டரில் இறுக்குங்கள். அது விரல் பலத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். "கசியக் கூடாது" என்று ஓங்கி இறுக்கினால் ஸ்டட் கிராங்க்கேஸிலிருந்து திருகி வந்துவிடும். அப்புறம் நிரந்தரமாகக் கசியும்.

2.5 லிட்டர் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, லைட் அணைந்ததும் ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சமதளத்தில் ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்ட வேண்டாம். கூடுதல் ஆயில் கிராங்க்கில் அடிபட்டு நுரைக்கும், புல்லி வழியாக வெளியே தெளிக்கும். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் அதே டப்பாக்களில் நிரப்பி, பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுங்கள்.

9. தேர்வு சரியா என்று ஓட்டிப் பார்ப்பது

முதல் 500 கி.மீ. கேஜை மாட்டியே வைத்திருங்கள். சம தரையில் அரை மணி நேரம், நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம், முடிந்தால் ஒரு மலைப் பாதை. எனக்குக் கைவந்தது மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை. அங்கே ஒரு விஷயம் கவனியுங்கள்: ஃபேன் எஞ்சினோடு பெல்ட்டால் கட்டப்பட்டது. நாலாவது கியரில் திணறிக்கொண்டு ஏறினால் சுற்று குறைந்து காற்றும் குறையும். மூன்றாவதிலோ இரண்டாவதிலோ சுற்றை ஏற்றி ஓட்டினால் சத்தம் அதிகம், சூடு குறைவு.

ஆயில் வெப்பநிலை 80 முதல் 110 டிகிரிக்குள் இருந்தால் சரி. 120-ஐத் தொட்டால் ஓரமாக நிறுத்தி, கிரேடை மாற்றும் யோசனைக்கு முன் இரண்டாவது பகுதிக்குத் திரும்பிப் போங்கள். டைனமோ லைட் எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம். அப்படியென்றால் ஃபேன் ஓடவில்லை. அடுத்த பெட்ரோல் பங்க் வரை போகலாம் என்று நினைக்காதீர்கள், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

மலை ஏறி நின்றதும் ஐட்லிங்கில் பிரஷர் 7, 8-க்குக் குறையாமல் இருந்து, மறுநாள் காலை குளிர்ந்த ஸ்டார்ட்டில் எங்கும் புதுக் கசிவு இல்லையென்றால் அந்த கிரேடு உங்கள் எஞ்சினுக்குப் பொருந்திவிட்டது. 20டபிள்யூ-50-யில் சூட்டிலும் 45-க்கு மேல் நிற்கிறது என்றால் அடுத்த முறை 40-க்கு இறங்குங்கள்.

ஆயிலை ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போல ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு கிலோமீட்டர் காய்கறிக் கடை ஓட்டத்தில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராமல் ஈரம் தங்குகிறது. வாரம் ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டினால் காய்ந்துவிடும்.

மாற்றிய தேதி, கிலோமீட்டர், கிரேடு, சூட்டில் பிரஷர் ஆகிய நான்கையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி கையுறைப் பெட்டியில் போடுங்கள். மீதி அரை லிட்டர் டப்பா, ஒரு உபரி ஃபேன் பெல்ட், 21 மி.மீ. ஸ்பேனர், கை துடைக்கத் துணி, இவை முன் டிக்கியில், ஸ்பேர் டயருக்குப் பின்னால்.